இரண்டு மீட்டர் தொலைவில் இருந்த ஹேங்கர்

வணக்கம். என் கைப்பேசியில் இருக்கும் இந்தச் சிறிய அலுமினியத் துண்டின் படத்தைக் கேமராவுக்கு அருகே கொண்டுவருகிறேன், நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தத் துண்டு கட்டை விரலை விடச் சற்றே நீளமானது. மேலே இரண்டு சிறிய திருகுத் துளைகள் உள்ளன, கீழே புரியிட்ட பெரிய துளை ஒன்று இருக்கிறது. இதன் பெயர் ஹேங்கர். பின் சக்கரத்தின் அச்சுக்கு அருகே, வலப்பக்கத்தில், இது ஃபிரேமில் பொருந்தும். கியர் மாற்றும் டீரெய்லர் இதில்தான் தொங்கும். கடந்த ஞாயிற்றுக்கிழமை காட்டுப் பாதையின் நடுவே என் சைக்கிளின் ஹேங்கர் முறிந்ததால், நாங்கள் ஏழு பேரும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். அந்த இரண்டு மணி நேரமும் என் மாற்று ஹேங்கரான இந்தத் துண்டு என்னிடமிருந்து இரண்டு மீட்டர் தொலைவில், மின்சாரம் என்று நாங்கள் அழைக்கும் நண்பரின் இடுப்புப் பைக்குள் இருந்திருக்கிறது.

மின்சாரம் யாரென்று பழைய காணொளிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எங்கள் குழுவில் இ-பைக் வைத்திருக்கும் ஒரே ஆள் அவர்தான். பெயரும் அதனால் வந்ததுதான். அந்த இடுப்புப் பை முன்பு என்னுடையது. புதிய பை வாங்கியபோது பழையதை அவரிடம் கொடுத்தேன், ஆனால் உள்ளறையின் ஜிப்பைத் திறந்து பார்க்காமலேயே கொடுத்திருக்கிறேன். நேற்றிரவு அவரிடமிருந்து ஒரு புகைப்படமும் அதன் கீழே ஒரு கேள்வியும் வந்தன: "பையைத் துவைப்பதற்காகக் கவிழ்த்தேன், இது விழுந்தது. இது என்ன சாமான்?" அதைப் பார்த்துவிட்டு நான் சுவரைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இதற்கு மேல் இன்னொரு வெட்கக்கேடும் உண்டு. ஞாயிறன்று நடந்ததை ஒரு வரியில் எழுதிப் போட்டேன் அல்லவா, அதைப் படித்த உங்களில் ஒருவர், நான் இந்தச் சைக்கிளை வாங்கியபோது வெளியிட்ட காணொளியின் பதினோராவது நிமிடத்தைப் பார்க்கும்படி எழுதியிருந்தார். போய்ப் பார்த்தேன். அதில் இதே ஹேங்கரைக் கையில் எடுத்துக் கேமராவுக்கு அருகே கொண்டுவந்து, "இது இல்லாமல் நான் காட்டுக்குள் கால் வைக்க மாட்டேன்" என்று மிகுந்த கம்பீரத்தோடு சொல்லியிருக்கிறேன். அந்தக் காணொளியை நீக்கப் போவதில்லை, இருந்துவிட்டுப் போகட்டும்.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நீண்ட ஏற்றம் அது. வேர்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும் ஒற்றையடிப் பாதை. மூச்சு வாங்கவே, பின் சக்கரத்தின் பல்சக்கரத் தொகுப்பான கேசட்டிலேயே பெரிய பல்சக்கரத்துக்கு, அதாவது 51 பல் உள்ளதற்கு, கியரை மாற்றினேன். அடுத்த அரைச் சுற்றிலேயே காய்ந்த சுள்ளி ஒடிவது போல ஒரு சத்தம் கேட்டது. சக்கரம் சுள்ளியை மிதித்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். பெடல் பூட்டிக்கொண்டதும் குனிந்து பார்த்தால், டீரெய்லர் ஸ்போக்குகளுக்குள் புகுந்து, ஒரு சுற்றில் பாதி தூரம் இழுத்துச் செல்லப்பட்டு, சக்கரத்தின் மேற்புறம் ஏறி நின்றிருந்தது. ஹேங்கர் சரி பாதியாக முறிந்திருந்தது. டீரெய்லரில் கீறல் மட்டும்தான், ஸ்போக்குகள் தப்பித்தன, ஃபிரேமுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஹேங்கர் என்ற ஒன்றைத் தனியாகக் கழற்றும்படி செய்து வைத்திருப்பதே இதற்காகத்தான். அடி விழுந்தால் முதலில் முறிய வேண்டியது அது. ஆயிரம் மடங்கு முக்கியமான ஃபிரேம் பிழைத்துக்கொள்ளும். எஃகு ஃபிரேம்களின் காலத்தில் இது ஃபிரேமோடு சேர்ந்தே இருக்கும், வளைந்தால் நிமிர்த்திக்கொள்ளலாம். அலுமினியத்தை அப்படித் திரும்பத் திரும்ப வளைத்து நிமிர்த்த முடியாது, கார்பனை வளைக்கும் பேச்சே இல்லை.

ஒன்றைச் சொல்லாமல் தாண்டி வந்துவிட்டேன், சற்றுப் பின்னால் போக வேண்டும். ஹேங்கர் அன்று திடீரென்று முறியவில்லை. இரண்டு வாரங்களுக்கு முன் ஓய்வுக்காக நின்றபோது, ஒன்றின் மேல் ஒன்றாக ஏழு சைக்கிள்களைச் சாய்த்து வைத்திருந்தோம். ஒன்று வழுக்க, எல்லாம் சரிந்து, என்னுடையது வலப்பக்கமாகத் தரையில் விழுந்தது. வலப்பக்கம் என்றால் டீரெய்லர் இருக்கும் பக்கம். அன்று முதல் பெரிய பல்சக்கரங்களில் செயின் நிற்காமல் துள்ளியது. ஹேங்கர் உள்பக்கமாக வளைந்தால் டீரெய்லர் முழுவதும் ஸ்போக்குகளை நோக்கிச் சாயும் என்பது எனக்குத் தெரியும். இந்தச் சேனலில் அதைப் பற்றி ஒரு காணொளியே வெளியிட்டிருக்கிறேன். தெரிந்திருந்தும், கேபிளின் திருகை இப்படிக் கால் சுற்று, அப்படிக் கால் சுற்று என்று திருகிச் சமாளித்துக்கொண்டிருந்தேன். நிமிர்த்தும் கருவி வீட்டில் இருப்பதாகவும் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம் என்றும், பட்டறை என்று நாங்கள் அழைக்கும் நண்பர் இரண்டு முறை சொன்னார். "அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்" என்று இரண்டு முறையும் நான்தான் தட்டிக் கழித்தேன்.

பட்டறையின் பையைப் பற்றி இந்தச் சேனலில் எவ்வளவு கிண்டல் செய்திருக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஏற்றத்தில் ஒவ்வொரு கிராமும் கணக்கு என்று நானெல்லாம் தண்ணீரைக்கூட அளந்து எடுத்துச் செல்வேன்; அவரோ சஸ்பென்ஷனின் ஷாக்குக்குக் காற்று ஏற்றும் பம்ப், செயின் பின்னைத் தள்ளும் கருவி, கம்பிச் சுருள், மாற்று பிரேக் பேட், பழைய டயரிலிருந்து வெட்டிய துண்டு என ஒரு பட்டறையையே முதுகில் சுமந்து வருவார். ஞாயிறன்று அவர் பையைத் திறந்ததும் இரண்டு ஹேங்கர்கள் வெளியே வந்தன. கணக்குப்பிள்ளை என்று நாங்கள் அழைக்கும் இன்னொரு நண்பரிடம் ஒன்று இருந்தது. செருப்புக் கடையில் கால் அளவு பார்ப்பது போல, மூன்றையும் ஒவ்வொன்றாக என் ஃபிரேமில் வைத்துப் பார்த்தோம். முதலாவதன் துளைகள் அகலமாக இருந்தன. இரண்டாவது எல்லாவற்றிலும் பொருந்துவது போலவே தோன்றியது, திருகை நுழைத்தபோதுதான் துளை ஒரு மயிரிழை தள்ளி இருப்பது தெரிந்தது. மூன்றாவதன் வடிவமே வேறு.

எனக்கு உண்மையான கோபம் இந்த இடத்தில்தான் வருகிறது. சைக்கிள் உலகில் ஹேங்கருக்கு நூற்றுக்கணக்கான வடிவங்கள் உள்ளன. ஒரே நிறுவனம் ஒரே பெயரில் வெளியிட்ட மாடலுக்குக்கூட, ஆண்டு மாறினால் ஹேங்கர் மாறிவிடும். வால்வில் இரண்டு மூன்று வகைதான், பெடலின் புரி ஏறத்தாழ எல்லோருக்கும் ஒன்றுதான், முறிவதற்கென்றே செய்த துண்டு மட்டும் ஆளுக்கொரு விதம்! இதைச் சரிசெய்ய 2019-இல் சைக்கிள் பாகங்கள் செய்யும் எஸ்ஆர்ஏஎம் நிறுவனம் யுடிஹெச் என்ற பொது ஹேங்கரைக் கொண்டுவந்தது. ஃபிரேம் தயாரிப்பாளர்களும் அதை ஏற்றுக்கொள்ளத் தொடங்கினார்கள். அடி பட்டால் பின்பக்கமாகச் சுழன்று கொடுக்கும்படியும் அதை வடிவமைத்திருக்கிறார்கள். கணக்குப்பிள்ளையின் சைக்கிளிலும் மின்சாரத்தின் சைக்கிளிலும் அதுதான். 2023-இல் அதே நிறுவனம் ஹேங்கரே இல்லாமல் டீரெய்லரை நேராக ஃபிரேமில் பொருத்தும் முறையையும் கொண்டுவந்துவிட்டது. என் ஃபிரேமோ அதற்கெல்லாம் முந்தைய வடிவமைப்பு. யுடிஹெச் இருக்கும் சைக்கிளாகப் பார்த்து வாங்கும்படி கணக்குப்பிள்ளை அப்போதே சொன்னார், நான் நிறத்தைப் பார்த்து வாங்கினேன்.

ஹேங்கர் இல்லையென்றால் ஒரே வழிதான் உண்டு: டீரெய்லரைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, செயினைச் சுருக்கி, ஒரே கியரில் வீடு போய்ச் சேர வேண்டும். சொல்வதற்கு எளிது. வாத்தியாரின் சைக்கிளில் செய்வதற்கும் எளிது, ஏனென்றால் அவருடையது பின்னால் சஸ்பென்ஷன் இல்லாத, 26 அங்குலச் சக்கரமுள்ள பழைய எஃகுக் குதிரை. எங்கள் குழுவில் மூத்தவர் அவர். புதிதாக எது வந்தாலும் அதைக் கருமாதிக்கு வந்தவர் போலப் பார்ப்பவர். பின் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிளில், நாம் உட்கார்ந்தாலும் குழியில் இறங்கினாலும் பின் அச்சு பெடல் அச்சிலிருந்து சற்று விலகிப் போகும், செயின் இறுகும். வழக்கமாக அந்த மிச்ச நீளத்தை டீரெய்லர் விட்டும் இழுத்தும் பார்த்துக்கொள்ளும். அது இல்லாதபோது செயினை இறுக்கமாகப் பூட்டினால் முதல் குழியிலேயே எதையாவது முறிக்கும், தளர்வாகப் பூட்டினால் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் ஏறும்.

முதலில் நடந்தது இரண்டாவது. முன் பல்சக்கரத்துக்கு நேர்கோட்டில் இருக்கும் 24 பல்லில் பூட்டினோம். பத்து மிதி மிதித்திருப்பேன், செயின் தானாகவே பக்கத்திலிருந்த 28 பல்லில் ஏறி, வீணைத் தந்தி போல இறுகி, சக்கரத்தை நிறுத்திவிட்டது. கேசட்டின் பற்களில், செயின் பெரிய சக்கரத்துக்கு எளிதாக ஏறுவதற்கென்றே சரிவுகள் வெட்டியிருப்பார்கள் அல்லவா. மற்ற நாட்களில் நாம் பாராட்டும் அந்த வேலைப்பாடு அன்று எங்களைப் பழிவாங்கியது. ஒரு கண்ணியை மட்டும் எடுத்து இறுக்கலாம் என்றால், செயினில் அகலக் கண்ணியும் குறுகலான கண்ணியும் மாறி மாறி வருவதால் சோடியாகத்தான் எடுக்க முடியும். ஒரு கண்ணி 12.7 மில்லிமீட்டர், சோடி 25.4. எடுத்தால் எட்டாது, எடுக்காவிட்டால் தொங்கும்.

இந்த இடத்தில்தான் கணக்குப்பிள்ளை எழுந்து வந்தார். டயரின் காற்றை ஒவ்வொரு முறையும் அளந்து எழுதி வைப்பவர், நாங்கள் எத்தனை நிமிடம் நின்றோம், எத்தனை நிமிடம் ஓட்டினோம் என்று பிரித்துச் சொல்லி உயிரை எடுப்பவர், அன்று மண்ணில் குச்சியால் கணக்குப் போட்டார். 24 பல்லிலிருந்து 21 பல்லுக்கு இறங்கினால் மூன்று பல் குறைகிறது. செயின் பல்சக்கரத்தின் பாதியைத்தான் சுற்றுகிறது, ஆகவே தேவைப்படும் நீளத்தில் ஏறத்தாழ ஒன்றரைக் கண்ணி குறையும். ஒரு சோடியை எடுத்தால் இரண்டு கண்ணி போகும். அப்படியானால் இப்போது இருப்பதை விட அரைக் கண்ணி அளவு, அதாவது ஆறு மில்லிமீட்டர் சொச்சம், இறுக்கம் கூடும். "நமக்கு வேண்டியது அவ்வளவுதான்" என்றார். பட்டறை கணக்கை நம்பாமல் என்னைச் சைக்கிளின் மேல் ஏறி உட்காரச் சொன்னார். இருவர் இருபுறமும் பிடித்துக்கொள்ள, என் எடையில் அமிழ்ந்த நிலையிலேயே செயினைச் சுற்றிப் பார்த்தார். சரியாக இருந்தது. இதைச் சொல்லும்போதுகூட எனக்குப் புல்லரிக்கிறது, நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை. சஸ்பென்ஷன் அதிகம் அசையக் கூடாது என்பதற்காக, ஷாக்கின் மேல் அச்சிட்டிருக்கும் உச்ச வரம்பைத் தாண்டாமல், கையால் அழுத்தினால் அமுங்காத அளவுக்குக் காற்றும் ஏற்றினோம்.

செயினைத் திறந்த கதையைச் சொல்ல மறந்தே போனேன், அதற்கே இருபது நிமிடம் போயிற்று. செயினின் இரு முனைகளையும் சேர்க்கும் இணைப்புக் கண்ணி இருவரிடம் இருந்தது. ஆனால் இரண்டுமே 11 வேகச் செயினுக்கு, அதாவது பின்னால் 11 பல்சக்கரம் உள்ளதற்கு, உரியவை, என்னுடையதோ 12 வேகச் செயின், அகலம் ஒத்துவராது. எனவே ஏற்கெனவே செயினில் இருந்ததையே கழற்றி மீண்டும் பூட்ட வேண்டியிருந்தது. இத்தகைய கண்ணியை ஒரு முறைதான் பூட்ட வேண்டும் என்று பல தயாரிப்பாளர்கள் எழுதியிருப்பது எனக்கும் தெரியும், தயவுசெய்து அதை நினைவூட்டி யாரும் எழுத வேண்டாம். கழற்றுவதற்கான இடுக்கி அன்றைக்கென்று பட்டறையின் பையில் இல்லை. அதைச் சொல்லும்போது அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! கடைசியில் வாத்தியார் தன் ஷூ நாடாவை உருவினார். கண்ணியின் இருபுறமும் உள்ள இடைவெளிகளுக்குள் அதைக் கோத்து, இரு முனைகளையும் குறுக்காகச் சுற்றி, வெடுக்கென்று இழுத்தார். "டிக்" என்ற சத்தத்துடன் கண்ணி திறந்துகொண்டது. மறுபடி பூட்டும்போது கண்ணியை மேற்பக்கம் கொண்டுவந்து, பின் பிரேக்கைப் பிடித்தபடி பெடலை ஓங்கி மிதித்தால் போதும், தானாகவே உட்கார்ந்துவிடும்.

நாடா இல்லாத ஷூவோடு வாத்தியார் எனக்கு ஆறுதல் சொல்லவும் வந்தார். கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில் 1976 அக்டோபர் 21 அன்று நடந்த, 'மறுபடி நிரப்பு' என்று பொருள்படும் பெயர் கொண்ட, முதல் ரீபேக் பந்தயத்தில், பெடலைப் பின்னோக்கி மிதித்தால் நிற்கும் பிரேக் மட்டுமே உள்ள பழைய கனத்த சைக்கிள்களில் மலையிலிருந்து இறங்கினார்கள் என்றும், சக்கரத்தின் நடுவே ஹப்பில் இருந்த கிரீஸ் சூட்டில் புகைந்து தீர்ந்துபோக, ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் அதை மறுபடி நிரப்ப வேண்டியிருந்ததால்தான் அந்தப் பெயரே வந்தது என்றும் நூறாவது முறையாகச் சொன்னார். அவர்கள் இறங்கினார்கள், நான் ஏற வேண்டும் என்று பதில் சொன்னேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

குழுவாகப் போவதில் எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு, இதற்கு முன்பும் புலம்பியிருக்கிறேன். பாதை பிரியும் இடத்தில் முன்னால் போனவர்கள் காத்திருப்பார்கள். கடைசி ஆள் மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும், "வந்தாச்சா, கிளம்பலாம்" என்று நன்றாக ஓய்வெடுத்தவர்கள் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். ஓய்வு அதிகம் தேவைப்படுபவருக்கு ஒரு நொடிகூடக் கிடைக்காது. கடைசியாக வந்தவர் சொன்ன பிறகுதான் கிளம்ப வேண்டும் என்று எங்கள் குழுவில் சண்டை போட்டு ஒரு விதியைக் கொண்டுவந்தது நான்தான். ஞாயிறன்று கடைசியாக வந்தது நானே. ஒவ்வொரு பிரிவிலும் ஆறு பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. "போகலாம்" என்று நான் சொல்லும் வரை அவர்கள் அப்படி நிற்பது எனக்குக் கோபத்தைத்தான் மூட்டியது. விதியை மாற்ற வேண்டுமோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

சமதளத்தில் அந்த ஒற்றைக் கியர் அருமையாக ஓடியது. கடைசி ஏற்றத்தில்தான் மாட்டிக்கொண்டேன். முன்னால் 32 பல், பின்னால் 21 பல் என்றால் எப்படி இருக்கும் என்று ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்; முழங்கால் அழும். இறங்கித் தள்ளத் தொடங்கியபோது மின்சாரம் அருகே வந்து நின்றார். இ-பைக்கைப் பற்றி நான் இருபது நிமிடம் பொரிந்து தள்ளிய காணொளி உங்கள் நினைவில் இருக்கும். ஐரோப்பாவில் சாதாரண இ-பைக் மோட்டாரின் தொடர் திறன் 250 வாட்டைத் தாண்டக் கூடாது, மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் உதவி கிடையாது, மிதித்தால்தான் ஓடும் என்று அவர் எவ்வளவோ விளக்கியும், மோட்டார் என்றால் மோட்டார்தான் என்று முடித்திருந்தேன். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. மாற்று ட்யூப் ஒன்றை எடுத்துத் தன் சீட்டின் தண்டில் முடிந்தார், மறுமுனையை என் ஹேண்டில்பாரின் நடுவில் வளையமாக மாட்டினார். அது இழுபட்டு நீண்டு, மெதுவாக என்னை இழுத்தபோது, கயிற்றில் கட்டிய கன்றுக்குட்டி போல இருந்தது. மணிக்கு ஏழெட்டு கிலோமீட்டர் வேகத்தில் மேலே போய்ச் சேர்ந்தோம். அவருடைய பேட்டரியில் ஒரு கட்டம்தான் மிச்சம் இருந்தது. அந்தப் பழைய காணொளியில் நான் சொன்ன கருத்து மாறிவிட்டதா என்று கேட்டால், ஏற்றத்தின் பாதி வரை மாறியிருந்தது என்று சொல்லலாம்.

வழி நெடுகிலும் ட்யூபுக்கு மேலே, என் கண்ணுக்கு நேராக ஆடிக்கொண்டிருந்தது அவருடைய இடுப்புப் பை. என் பழைய பை. அதன் இடது ஓரத்தில் முள் கிழித்த இடத்தை நான் போட்ட தையல் வரை தெரிந்தது.

இப்போது எங்கள் குழுவில் ஒரு புதிய ஏற்பாடு. வாத்தியாருடையது ஃபிரேமோடு சேர்ந்தது என்பதால் அவரைத் தவிர மற்றவர்கள், ஆளுக்கொரு ஹேங்கரில் அவரவர் பெயரை எழுதி ஒட்டிப் பட்டறையின் பையில் போட்டுவிட வேண்டும். முறிந்த என் ஹேங்கருக்குப் பதிலாக மின்சாரத்திடம் இருப்பது போய்விடும் என்பதால் நான் இன்னொன்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். ஆறு ஹேங்கரும் சேர்ந்து எவ்வளவு எடை வரும் என்று கணக்குப்பிள்ளை கணக்குப் போட்டு அனுப்பினார், என் தண்ணீர்க் குடுவை மூடியின் எடையையும் கேட்காமலே சேர்த்து அனுப்பியிருந்தார். மின்சாரம் தான் அனுப்பிய புகைப்படத்தைக் குழுவின் முகப்புப் படமாகவே வைத்துவிட்டார். அது என்ன சாமான் என்று அவருக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. இந்தக் காணொளியை அவர் பார்ப்பார். மின்சாரம், அது என்னுடையது; ஞாயிற்றுக்கிழமை வரும்போது மறக்காமல் உங்கள் ட்யூபையும் எடுத்து வாருங்கள்.